மின்சாரம் வந்த பிறகு

மின்சாரம் போவதைப் பற்றி நம்மில் பேசாதவர்கள் கிடையாது. அது திரும்பி வருவதைப் பற்றி யாரும் அதிகமாக யோசித்ததாகத் தெரியவில்லை. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, சமையலறை மூலையில் ஃபிரிட்ஜ் ஒரு முறை குலுங்கிவிட்டு முனகத் தொடங்குகிறது. "அப்பாடா, வந்துவிட்டது!" என்று வீட்டுக்கு வீடு குரல் எழுகிறது. அத்துடன் அந்த அத்தியாயம் முடிந்துவிட்டதாக எண்ணி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

என் மனைவி மட்டும் அப்படிப் போவதில்லை. ஏழெட்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமலிருந்து வந்தால், மறுநாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாத்திரத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். "ஜில்லென்றுதானே இருக்கிறது, எதற்கு முகர்ந்து பார்க்கிறாய்?" என்று நான் கேட்பேன். "ஜில்லென்று இருந்தால் நல்ல பால் என்று அர்த்தமா?" என்பாள். இந்தப் பதிலைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். அதற்குள் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்பது எனக்குச் சென்ற மாதத்தில்தான் விளங்கியது.

நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். எந்தக் கூடம், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாத சங்கதி. நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தத்தையும் திசுக்களையும் சின்னஞ்சிறு குப்பிகளில் அடைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியில் உறைய வைத்துப் பாதுகாக்கும் ஃபிரீஸர்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கவனித்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, காலை ஆறு மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் குளிரையும் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் போகவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு நாள்தானே, காலையில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அந்த இரவில் மின்சாரம் போயிற்று. தானாகக் கிளம்ப வேண்டிய ஜெனரேட்டர் கிளம்பவில்லை. எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும்; ஆனால் கேட்க அங்கே ஆள் இல்லை. குளிரைக் குறித்துக்கொள்ளும் கருவியின் பாட்டரி தீர்ந்துபோய்ப் பல நாளாகியிருந்தது. விடியற்காலையில் மின்சாரம் வந்தது. ஆறு மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது ஒரு ஃபிரீஸர் 52 என்று காட்டிக்கொண்டிருந்தது. மற்றவை ஏறக்குறைய அதே நிலையில். எவ்வளவு தூரம் சூடேறி எப்போது இறங்கத் தொடங்கின என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை.

அவர் தம் தொழில் தெரிந்தவர். எல்லாம் ஒரே சமயத்தில் ஓடினால் மின்கம்பி தாங்காது, மறுபடியும் எல்லாம் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் நிறுத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக முறைப்படி ஓட்டினார். நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர்கூட, மின்சாரம் வந்ததும் அவசரப்படாமல் சில நிமிஷங்கள் காத்திருந்துதானே ஓட விடுகிறது! பத்து மணிக்கு மற்ற உத்தியோகஸ்தர்கள் வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு ஃபிரீஸரும் 80க்கு வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"ரிஜிஸ்டரில் அந்தப் பக்கம் இரண்டு நாளாகக் காலியாக இருக்கிறது, சார்" என்றார் நண்பர். "80 என்று எழுதிவிட்டால் முடிந்தது. இப்போது 80 காட்டுவது பொய் இல்லையே! நீங்கள் கதை எழுதுகிறவர். இந்த மாதிரி தர்மசங்கடமெல்லாம் உங்களுக்குப் பழக்கமாயிருக்கும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்."

கதையில் ஒருவனைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுவது சுலபம். எதிரில் உட்கார்ந்து காபியைக் குடிக்காமல் ஆற விட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு வழி சொல்வது சுலபம் அல்ல. "குப்பிகள் கெட்டுப் போயிருக்குமா?" என்று கேட்டேன். "சில கெட்டிருக்கலாம். பல கெட்டிருக்காது. வெளியே பார்த்தால் தெரியாது. எல்லாம் பழையபடி உறைந்துவிட்டதே!" என்றார். நாலு நாள் அவகாசம் கேட்டு அவரை அனுப்பி வைத்தேன். குளிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால், அந்த நாலு நாளும் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

நான் முதலில் கற்றுக்கொண்டது இது: குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பத்தை வெளியே எடுத்துக்கொண்டே போனால் மிஞ்சுகிற நிலைதான் குளிர். வெளிச்சத்தை உண்டாக்குவது போல் பொத்தானை அழுத்திக் குளிரை உண்டாக்க முடியாது. கிணற்றை இறைப்பது போல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை இறைத்துக் கொட்ட வேண்டும். ஆழம் போகப் போக இறைப்பதும் கடினமாகிறது. ஹாலந்து தேசத்தில் லைடன் நகரத்தில் காமர்லிங் ஓன்னஸ் என்ற விஞ்ஞானி 1908ஆம் வருஷம் ஜூலை 10ஆம் தேதி ஹீலியம் என்ற வாயுவைத் திரவமாக்கினார். அதற்கு அவர் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக்குப் போக வேண்டியிருந்தது. 1911இல் அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது, அதில் மின்சாரம் கொஞ்சமும் தடையில்லாமல் ஓடுவதைக் கண்டார். இன்று ஆஸ்பத்திரியில் நம்மைக் குழாய்க்குள் படுக்க வைத்து ஸ்கேன் எடுக்கும் யந்திரங்களில் பெரும்பாலானவற்றின் காந்தம் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. மின்சாரம் போனாலும் அந்தக் காந்தம் காந்தமாகவே இருக்கும். ஆனால் குளிரூட்டும் கருவி நின்றுவிடும். அதை மறுபடி ஓட விடாமல் நாள் கணக்கில் விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் ஹீலியம் மெல்ல மெல்ல ஆவியாகிக் கொண்டே போகும்.

இந்தத் தத்துவத்தை உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் கையாண்டிருக்கும் இடம் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம். ஸ்விட்சர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் அடியில், பூமிக்குள் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம். அதில் ஆயிரக்கணக்கான காந்தங்கள். அணுவின் உட்துகள்களை எதிரெதிராக ஓட விட்டு மோதச் செய்து, பிரபஞ்சத்தின் ஆதி ரகசியங்களைத் தேடுகிறார்கள். காந்தங்கள் பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரியில் இருக்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெறுவெளிகூட இதைவிடக் கொஞ்சம் சூடுதான்.

அந்தக் குளிருக்கு வருவது எப்படி? வளையத்தை 8 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் திரவ நைட்ரஜனின் துணையால் 190 டிகிரி வரையில் இறக்குகிறார்கள். பிறகு ஹீலியத்தை விட்டு 268க்குக் கொண்டுவருகிறார்கள். கடைசி இரண்டரை டிகிரிக்காக ஹீலியத்தின் மேல் உள்ள அழுத்தத்தை உறிஞ்சி உறிஞ்சிக் குறைக்க வேண்டும். எல்லாவற்றிலும் நுட்பமானது இந்தக் கடைசிப் படிதான். அறை வெப்பத்திலிருந்து தொடங்கினால் இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படவும் முடியாது. குளிரும்போது உலோகம் சுருங்குகிறது. 15 மீட்டர் நீளமுள்ள ஒரு காந்தம் நாலைந்து சென்டிமீட்டர் சுருங்கிவிடும். ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் இருந்தால் விபரீதம். ஆகவே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

2009ஆம் வருஷம் நவம்பர் 3ஆம் தேதி அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வெட்டவெளியில் இருந்த மின்சாரச் சாதனம் ஒன்றின் மேல் ரொட்டித் துண்டு ஒன்று விழுந்து, மின்சாரம் தடைப்பட்டுவிட்டது. பறந்துபோன ஏதோ ஒரு பறவை போட்டதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பறவைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ரொட்டி போனதுதான் அதற்கு நஷ்டம். குளிரூட்டும் யந்திரங்கள் நின்றன. வளையத்தின் 8 பகுதிகளில் இரண்டு சூடேறத் தொடங்கின. சூடு என்றால் நம் ஊர்ச் சூடு அல்ல. 271க்குப் பதிலாகச் சில டிகிரி மேலே. அவ்வளவுதான். மின்சாரம் வந்தாயிற்று, காரணமும் தெரிந்தாயிற்று. இருந்தாலும் அந்தச் சில டிகிரிகளைத் திரும்பப் பிடிக்கச் சில நாட்கள் ஆயின. பிறகு இரண்டு பகுதிகளும் பழைய குளிருக்கு வந்தன. காந்தங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இதைப் படித்ததும் நண்பருக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மின்சாரம் போனது, சூடேறியது, பொறுமையாக மறுபடி குளிர வைத்தார்கள், எல்லாம் சரியாயிற்று. நண்பரும் அதைத்தானே செய்திருக்கிறார்? 'பேசாமல் 80 என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்' என்று சொல்லிவிடலாமே!

அப்போதுதான் பால் பாத்திரத்தின் ஞாபகம் வந்தது.

காந்தம் இரும்பும் கம்பியும். அதைச் சூடாக்கினால் சூடாகும், குளிர வைத்தால் குளிரும். நடுவில் பட்ட பாட்டை அது மனத்தில் வைத்துக்கொள்வதில்லை. உயிருள்ளவையும், உயிரிலிருந்து எடுத்தவையும் அப்படி அல்ல. உயிரணுக்களைப் பூஜ்யத்துக்குக் கீழே 130 டிகிரிக்கும் அடியில் வைத்தால் அவற்றுக்குக் காலம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒன்றும் நகராது, ஒன்றும் மாறாது. அந்தக் கோட்டைத் தாண்டி மேலே வந்துவிட்டால், உறைந்த நிலையிலேயே உள்ளே இருக்கும் நுண்ணிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகத் தொடங்குகின்றன. அவை வளர்ந்து அணுவின் மெல்லிய சுவரைக் குத்திக் கிழிக்கின்றன. பிறகு பழையபடி ஆழமான குளிருக்குக் கொண்டுபோகலாம். கிழிந்தது கிழிந்ததுதான். கிழிந்தபடியே அது பத்திரமாகப் பாதுகாக்கப்படும்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 2018ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். குழந்தைப் பேற்றுக்காகக் கருமுட்டைகளையும் கருக்களையும் உறைய வைத்திருந்த ஒரு பெரிய பாத்திரத்தில், ஆள் இல்லாத ஒரு வார விடுமுறை இரவில் வெப்பம் ஏறிவிட்டது. தொலைவில் இருப்பவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டிய எச்சரிக்கைக் கருவி நிறுத்தப்பட்டிருந்தது. 4,000க்கு மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் வீணாயின. அவற்றுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தம்பதிகளின் ஆசை இருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னால், பிற்காலத்தை நம்பி முட்டையை ஒப்படைத்துவிட்டுப் போன பெண்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி குளிர வைப்பதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர்களிடம் போய் யாராவது கணக்குச் சொல்ல முடியுமா?

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிலையத்தில் 2023ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைச் சமயம். 16 பாத்திரங்களுக்குப் போக வேண்டிய திரவ நைட்ரஜன் தடைப்பட்டுவிட்டது. புதிதாக நைட்ரஜன் வராவிட்டாலும் நாலு நாள் வரையில் அவை தாக்குப் பிடிக்கும். ஐந்து நாள் ஆகிவிட்டது. ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகப் பல வருஷங்களாகச் சேர்த்து வைத்திருந்தவையெல்லாம் போயின. நாலு நாளுக்கும் ஐந்து நாளுக்கும் வித்தியாசம் ஒரே நாள். நாலாவது நாள் முடிவதற்குள் ஒருவர் வந்து எட்டிப் பார்த்திருந்தால் இது வெறும் தொல்லையோடு போயிருக்கும்; ஐந்தாவது நாள் அது நஷ்டமாகிவிட்டது.

இந்த இரண்டு சம்பவத்திலும் ஒரு விஷயம் ஆறுதலானது. கெட்டது கெட்டுவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. நண்பருடைய விஷயத்தில்தான் பெரிய அபாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அங்கே கெட்டதும் கெடாததும் ஒரே முகத்தோடு பக்கம் பக்கமாக உறைந்து நிற்கின்றன. முகப்பில் 80 என்று எண் ஒளிவிடுகிறது. அந்த எண் பொய் சொல்லவில்லை. 'இப்போது நீ எப்படி இருக்கிறாய்?' என்ற கேள்விக்கு அது உண்மையான பதில் சொல்கிறது. 'நேற்று இரவு நீ எப்படி இருந்தாய்?' என்று அதை யாரும் கேட்கவில்லை; கேட்டாலும் அதற்கு ஞாபகம் கிடையாது.

ஞாபகம் உள்ள ஒரு சாட்சியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்; கவனித்ததில்லை. குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அந்த மருந்துச் சீசாவின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் வெளுத்த சதுரமும் அச்சிட்டிருக்கும். 1996 முதல் இந்த ஏற்பாடு உண்டு. சீசா சூட்டில் இருக்க இருக்க உள்சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வெளிவட்டத்தின் நிறத்துக்குச் சமமாகிவிட்டால் மருந்தை எறிந்துவிட வேண்டும். சீசாவை மறுபடி பனிக்கட்டிக்குள் புதைத்தாலும் கறுத்த சதுரம் வெளுக்காது. எந்தெந்த வெயிலில் நின்றது, எந்தத் திண்ணையில் மறந்து வைக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தச் சதுரத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. படிப்பறிவில்லாத தாய்கூட அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நண்பருடைய குப்பிகளுக்கு அப்படி ஒரு சதுரம் இல்லை. அவர்தாம் அந்தச் சதுரம்.

நாலாவது நாள் அவர் வந்தார். வந்ததும் அவரே வக்கீல் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார். நாலு இரவு அவரும் தூங்கவில்லை என்பது தெரிந்தது.

"சார், இதை இப்படிப் பாருங்கள். நான் எழுதினால் யாருக்கு லாபம்? கெட்ட குப்பி நல்லதாகிவிடப் போகிறதா? பல வருஷ உழைப்பு ஒரே நாளில் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அங்கே ஒரு பெண் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். அவள் மூன்று வருஷமாகச் சேர்த்தது அதில்தான் இருக்கிறது. அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? என் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. அது போனால் போகட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் ஒருவருக்கும் கஷ்டம் இல்லை. எழுதினால் எல்லாருக்கும் கஷ்டம். இதில் தர்மம் எந்தப் பக்கம் இருக்கிறது?"

இது லேசான வாதம் அல்ல. பொய்யிலிருந்து ஒருவருக்கும் தீங்கு வராமல் நன்மையே வருமானால் அதையும் வாய்மையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கே கிடைக்கும் நன்மைக்கு அந்தக் குணம் உண்டா?

நான் அவருக்கு செர்ன் யந்திரத்தின் இன்னொரு கதையைச் சொன்னேன். ரொட்டி விழுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், 2008 செப்டம்பர் 19ஆம் தேதி, அதே யந்திரத்தில் பெரிய விபத்து ஒன்று நடந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவில் கம்பிகளைச் சேர்த்த இணைப்பு ஒன்று பழுதாயிருந்தது. ஓடிய மின்சாரம் அங்கே தடைப்பட்டுப் பொறி பறந்து, பாத்திரத்தைத் துளைத்து, டன் கணக்கில் ஹீலியம் சீறி வெளிவந்தது. கனத்த காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே கொண்டுவந்து பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை நடந்து, 2009 நவம்பர் 20ஆம் தேதி யந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

"பார்த்தீர்களா, சரி செய்து ஓட்டிவிட்டார்களே!" என்றார் நண்பர்.

"ஓட்டினார்கள். எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் விஷயம்" என்றேன். கெட்டுப்போனது ஓர் இணைப்பு. அதைப் போன்ற இணைப்புகள் வளையம் முழுவதும் சுமார் பதினாயிரம். அவற்றில் இன்னும் எத்தனை பலவீனமாக இருக்கின்றனவோ என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. காரணத்தை ஆராய்ந்து அறிக்கையாக வெளியிட்டார்கள். குளிர் வந்துவிட்டது, எண்கள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன; ஆகவே முழுப் பலத்தோடு ஓட்டலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த இணைப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாமோ அவ்வளவு பலத்தில்தான் ஓட்டுவோம் என்று முடிவு செய்து, 2010இலும் 2011இலும் திட்டமிட்ட பலத்தில் பாதியோடு ஓட்டினார்கள். 2012இல் பாதிக்குச் சற்று மேல். உலகத்திலேயே பெரிய யந்திரத்தைக் கட்டிவிட்டு, 'இது பாதி பலத்தில்தான் ஓடும்' என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்! பிறகு 2013 முதல் சுமார் இரண்டு வருஷம் நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் பலப்படுத்திய பின்புதான் வேகத்தைக் கூட்டினார்கள்.

"பாதி பலத்தில் ஓடி என்ன கண்டார்கள்?" என்று கேட்டார் நண்பர்.

"எதைத் தேடி அந்த யந்திரத்தைக் கட்டினார்களோ அதையே கண்டார்கள். 2012ஆம் வருஷம் ஜூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்களே, அது இந்தப் பாதி பலக் காலத்தில்தான்."

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. நானே தொடர்ந்தேன். "நீங்கள் எழுதினால் எல்லாக் குப்பிகளும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடும் என்கிறீர்கள். அவை அன்று இரவே சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிட்டன. அது உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரியும் என்பதுதான் இன்றைய நிலை. எழுதினால் அதைச் சோதித்துப் பார்க்கலாம்; நல்லதை நல்லதென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் பிரிக்கலாம். சில சோதனைகளுக்கு உதவாத குப்பி வேறு சிலவற்றுக்கு உதவலாம். எழுதாமல் விட்டால், கெட்ட குப்பி தரும் தவறான விடையை அந்தப் பெண் சத்தியம் என்று நம்பித் தன் ஆராய்ச்சியில் சேர்ப்பாள். அதைப் படித்து இன்னொருவர் ஒரு மருந்தை நம்புவார், அல்லது நம்பாமல் விடுவார். கடைசியில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் அந்த மருந்துக்காகக் காத்திருப்பவர், நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் இருந்துவிட்டதற்காகத் தண்டனை அனுபவிப்பார். உங்கள் வாதத்தில் 'ஒருவருக்கும் கஷ்டம் இல்லை' என்றீர்களே, இன்னும் கண்ணில் படாதவர்களை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை."

"நான் வேண்டுமென்று செய்யவில்லை, சார்" என்றார், தணிந்த குரலில்.

"தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் மின்சாரம் போனதும் உங்கள் குற்றம் அல்ல. பத்து மணிக்குப் போகாதது ஒரு தவறு. அதை யாரும் மன்னித்துவிடலாம். 80 என்று எழுதப் போகிறீர்களே, அதுதான் நீங்கள் வேண்டுமென்று செய்யப்போவது."

அவர் விடைபெற்றுக்கொண்டு போனார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு வரும் தண்டனை அதுதான் போலும். எனக்கு இளமையிலிருந்து ஒரு சிநேகிதன் உண்டு. அவனும் எழுதுவான், என்னைவிட நன்றாகவே எழுதுவான். பல வருஷங்களுக்கு முன்னால் தன் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொடுத்து, "உன் அபிப்பிராயம் தெரிந்த பிறகுதான் யாருக்கும் காட்டுவேன்" என்றான். நான் அதைப் படிக்கவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். உண்மையில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவன் கேட்டபோது, படித்துவிட்டதாகச் சொல்லி, இருபது முப்பது வார்த்தையில் புகழ்ந்தேன். அவன் நாவலில் இல்லாத ஒரு பாத்திரத்தையும் சேர்த்துப் புகழ்ந்துவிட்டேன்.

நாலு வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டோம். பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். "பாயசம் நன்றாக இருக்கிறது, இல்லையா?" என்றான் அவன். "நன்றாக இருக்கிறது" என்றேன். மின்சாரம் வந்துவிட்டது! அன்று முதல் வாரம் ஒரு முறையாவது பேசிக்கொள்கிறோம். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகிறோம். பார்க்கிறவர்கள், "முன்போலவே இருக்கிறார்களே!" என்கிறார்கள். ஒரு சின்ன வித்தியாசம்தான். அன்றிலிருந்து அவன் எழுதிய ஒரு வரியைக்கூட எனக்குக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. இருவரும் 80 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம்மில் பலர் இப்படித்தான் சமாதானம் செய்துகொள்கிறோம். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும், முதலாளியும் தொழிலாளியும் ஒரு சண்டைக்குப் பிறகு பேசத் தொடங்கியதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். பழையதைக் கிளறாமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் கிளறாமல் இருந்தால் அது பெருந்தன்மை. பாதகம் செய்தவர் கிளறாமல் இருந்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்துமா? 'நான் இன்ன தவறு செய்தேன். அதனால் நம் உறவில் இன்ன இணைப்புப் பலவீனமாக இருக்கிறது. இப்போதைக்குப் பாதி பலத்தில்தான் நீ என்னை நம்ப முடியும், அது நியாயம்தான்' என்று சொல்லக்கூடிய உறவு இருந்தால், அது பாதி பலத்திலும் பெரிய காரியங்களைச் செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று வாரம் கழித்து நண்பர் மறுபடி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், ஆனால் காபியை ஆற விடாமல் குடித்தார். ரிஜிஸ்டரில் எழுதிவிட்டாராம். ஞாயிறு இரவு தாம் வரவில்லை என்றும், காலை ஆறு மணிக்கு 52 காட்டியது என்றும், அதற்கு முன் எவ்வளவு ஏறியது என்று தெரியாது என்றும் மூன்று வரி. அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. குப்பிகளில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதிக்கிறார்கள். எல்லாவற்றின் மேலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியாகிவிட்டது. அந்த ஆராய்ச்சிப் பெண் மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம். நாலாவது நாள் வந்து, "சார், எந்த ஃபிரீஸர் எந்த வரிசையில் ஓட ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டாளாம். இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினார்களாம்.

"திட்டுவாள் என்று நினைத்தேன், சார். வேலை கொடுத்துவிட்டுப் போகிறாள்" என்றார் நண்பர்.

அவர் போன பிறகு மேஜையின் முன் உட்கார்ந்தேன். சிநேகிதனுக்கு எழுத வேண்டிய கடிதம் மூன்று வரிதான். நண்பருக்கு வழி சொல்ல எனக்கு நாலு நாள் போதுமாயிருந்தது. இந்த மூன்று வரிக்கு எத்தனையோ வருஷம் போதவில்லை. இதுவரையில் இந்தக் கட்டுரையைத்தான் எழுதியிருக்கிறேன். இது அச்சாகி அவன் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதையும் எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும்.